நாலாவது நிமிடம்

1

கார் கழுவும் கூடத்துக்குள் போன நீலநிற பிக்கப் வண்டி, பதினைந்து நிமிடமாக வெளியே வரவில்லை.

நுரை அடித்தாயிற்று. தண்ணீர் பீய்ச்சியாயிற்று. காற்று ஊதிக் காய வைத்தும் முடித்துவிட்டது இயந்திரம். வண்டி மட்டும் நகரவில்லை!

பின்னால் காத்திருந்த ஆசாமி ஹாரன் அடித்தார்.

மறுபடி அடித்தார்.

பிறகு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய், ஓட்டுநர் பக்கக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார்.

"ஐயோ...!"

அந்த அலறல் ஓஹையோ ஆற்றின் அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்!

ஹாலர்ஸ் ஃபெர்ரி ஊரில் ஆம்புலன்ஸ் போனால் யாரும் தலையைத் திருப்புவதில்லை. பழகிவிட்டது. ஆனால் அன்றைக்குத் திருப்பினார்கள். தெருவில் வந்து நின்றார்கள். மூன்று வாரத்தில் இது மூன்றாவது!

டிடெக்டிவ் நோரீன் ஹேகர் வந்து இறங்கியபோது காலை மணி பத்தேகால். வயது ஐம்பத்திரண்டு. இரண்டு முழங்காலிலும் வலி. எதிரே இருப்பவர் பொய்தான் சொல்கிறார் என்று நினைப்பது அவளுடைய பழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே போய்விடும்.

சார்ஜென்ட் வேட் டங்கன் ஓடி வந்தான். தொப்பை அவனுக்கு முன்னால் ஓடி வந்தது.

"பேரு எமெட் காடில், மேடம். வயசு இருபத்தொம்போது. கூரை போடற வேலை. ஊசி இன்னும் கையிலயே நிக்குது."

"ஃபெண்டனைல்?"

"வேற என்ன?"

"அதுக்கு எதுக்குய்யா என்னைக் கூப்பிட்டே? பாதிரியாரைக் கூப்பிட வேண்டியதுதானே!"

"பதினோரு மாசமா போதையைத் தொடலை மேடம் இவன்! மேப்பிள் தெரு மறுவாழ்வு இல்லத்துல இவனைக் காட்டித்தான் மத்தவங்களுக்குப் புத்தி சொல்லுவாங்க. அடுத்த மாசம் கேக் வெட்டறதா இருந்தாங்க."

நோரீன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அது மட்டும்னா உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். இதைப் பாருங்க."

வேட் நீட்டிய பிளாஸ்டிக் பைக்குள் ஒரு வெள்ளை அட்டைப் பெட்டி. உள்ளங்கை அளவு. சிவப்பு நூல் கட்டி, அழகாகச் சுருக்குப் போட்டிருந்தது. பிறந்தநாளுக்குக் கொடுப்பது மாதிரி!

உள்ளே ஒரே ஒரு இலவங்கப்பட்டை மிட்டாய். பக்கத்தில் பொட்டலம் வைத்திருந்த காலி இடம்.

"முன்னாடி செத்த ரெண்டு பேர் பக்கத்துலயும் இதே பெட்டி, மேடம். ரோண்டாவுக்கு வந்ததுல ஒரு பச்சை லைட்டர். டிரெல்லுக்கு வந்ததுல ஒரு சாக்லேட் பால் டப்பா. ரெண்டு பேரும் அதே இல்லம். ரெண்டு பேரும் எட்டு மாசத்துக்கு மேல சுத்தம்."

"மிட்டாய் குடுத்துக் கொல்றானா ஒருத்தன்?"

"சிரிப்பா இருக்குல்ல?"

"இல்லய்யா. பெட்டியைப் பத்திரமா வை."

நடைபாதை விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வெர்னா லில்லி. முன்னாள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வயது ஐம்பத்தெட்டு. மூச்சு நின்று போன பத்தொன்பது பேரை, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயோடு ஓடிப்போய் உயிரோடு எழுப்பியவள். இந்த ஊர் ஓட்டல்களில் வெர்னாவிடம் யாரும் காசு வாங்குவதில்லை. எதிர்க்கடையில் இருந்தவள், அலறலைக் கேட்டு இன்றைக்கும் ஓடி வந்திருக்கிறாள். ஸ்ப்ரே அடித்திருக்கிறாள். எமெட் எழுந்திருக்கவில்லை.

நோரீன் அவள் தோளில் கை வைத்தாள்.

"உங்களால முடிஞ்சதைப் பண்ணீங்க, வெர்னா."

"போதலையே நோரீன்... போதலையே!"

சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

2

"உங்க ஃபோனை மேசை மேல வைங்க," என்றார் டாக்டர் ஆம்ப்ரோஸ் கீல்.

மேப்பிள் தெரு இல்லத்தின் மூளை வைத்தியர். ஒல்லி மனிதர். யாரிடம் பேசினாலும் கொஞ்சம் பாடம் எடுப்பார்.

"எதுக்கு டாக்டர்?"

"வைங்க சொல்றேன். கவுத்து வைங்க."

வைத்தாள்.

"இப்போ கேளுங்க. மூளைக்கு நடுவுல, ரொம்ப ஆழத்துல ஒரு பாதை இருக்கு. நல்லது ஏதாவது கிடைச்சா, 'இதை மறக்காதே, மறுபடி செய்'னு சொல்றது அதோட வேலை. சாப்பாடு, தண்ணி, காதல்... எல்லாத்துக்கும் அதுதான் கை தட்டும். அந்தக் கைதட்டலுக்கு டோபமைன்னு பேரு."

"சரி."

"போதை உள்ள வந்தா சாதாரணக் கைதட்டல் இல்ல மேடம். ஸ்டேடியமே எழுந்து நின்னு கத்தும்! ஆனா கொஞ்ச நாள் போனதும் ஒரு விபரீதம் நடக்கும். சுகம் குறைஞ்சுடும், ஆசை மட்டும் குறையாது. போதை வந்தப்புறம் தட்டின கை, போதை வரப்போவுதுங்கற அடையாளத்தைப் பார்த்தாலே தட்ட ஆரம்பிச்சிடும்."

'ர்ர்ர்...ர்ர்ர்...'

மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது.

நோரீனின் கை பாய்ந்து அதன்மேல் விழுந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் இருந்த தன் இடது கையை வெளியே எடுத்தார். அதில் அவருடைய ஃபோன்.

"நான்தான் அடிச்சேன். யாருன்னு கூட நீங்க யோசிக்கலை. உங்க கை உங்களுக்கு முன்னாடி போயிடுச்சு, பார்த்தீங்களா?"

நோரீன் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். உண்மையாகவே பயமாக இருந்தது அவளுக்கு.

"எமெட் ஊசி போட்ட காலத்துல எப்பவும் வாயில இலவங்கப்பட்டை மிட்டாய் இருக்கும். பதினோரு மாசம் கழிச்சு அந்த வாசனை வந்தாலும் போதும், மூளை எழுந்து உக்காந்துக்கும். 'வேணும்'னு கத்தும். அந்த நேரத்துல பொட்டலமும் பக்கத்துலயே இருந்தா..."

"பழைய அளவைப் போட்டுப்பான்."

"உடம்புக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும். பழைய அளவு இப்போ எமன். சில நிமிஷத்துல மூச்சு நின்னுடும்."

"அப்போ கொலைகாரன் கத்தியைத் தொட வேண்டாம். பக்கத்துல வர வேண்டாம். செத்தவன் கையே போதும்!"

"ஆமா மேடம்."

"மிட்டாய் விஷயம் யாருக்குத் தெரியும்?"

"எதைப் பார்த்தா ஆசை வரும்னு இங்க சேர்றவங்க எல்லாரும் ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும். ட்ரிக்கர் தாள்னு பேரு. ஆலோசகர் லாய்ட் பெக் வாங்கி டிராயர்ல பூட்டி வெப்பார். சாவி அவர்கிட்ட மட்டும்தான்."

"நீங்க படிச்சதில்லையா?"

"படிச்சிருக்கேன். ஆனா ரோண்டாவும் டிரெல்லும் செத்தப்போ நான் பிட்ஸ்பர்க்ல இருந்தேன். விசாரிச்சுக்குங்க."

"விசாரிச்சாச்சு," என்றாள் நோரீன். "ஒண்ணு சொல்லுங்க டாக்டர். எதுக்கு ஒருத்தன் இப்படிப் பண்ணணும்? அவனுக்கு என்ன லாபம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன் மூளையிலயும் ஏதோ ஒண்ணு கை தட்டுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

3

ட்வைலா ஸ்பர்லாக்குக்குப் போதையை விட்டு முந்நூற்று ஓராவது நாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. பேக்கரியின் பின்கட்டில் பெப்பரோனி ரோல்களை அடுப்பிலிருந்து இழுத்து அடுக்கிவிட்டு, ஏப்ரனை மாற்றலாம் என்று அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளைப் பெட்டி.

சிவப்பு நூல்!

எமெட்டின் பெட்டியைப் பற்றி ஊர் முழுக்கப் பேச்சு. இது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திறக்காதே... திறக்காதே... திறக்காதே...

திறந்துவிட்டாள்.

ஒரு எலுமிச்சை சோப்பு. அதற்குக் கீழே, விரல்நகத்தனை சின்னதாக மடித்த வெள்ளிப் பொட்டலம்.

அரை மணி கழித்து நோரீன் வந்தபோது, ஒரு பெரிய ரொட்டித் தட்டு தரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் இரண்டு மாவு மூட்டைகள். அறையின் எதிர்மூலையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள் ட்வைலா.

"தட்டுக்கு அடியில இருக்கு மேடம். சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க. அது என்னைக் கூப்பிட்டுட்டே இருக்கு."

நோரீன் கையுறை மாட்டி எடுத்தாள். பொட்டலம் பிரிக்கப்படவில்லை.

"சோப்பு வாசனையைத் தாங்கிட்டியே! பெரிய ஆள்தான் நீ."

ட்வைலா விசித்திரமாகச் சிரித்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத சிரிப்பு.

"சோப்பு என்னை ஒண்ணும் பண்ணாது மேடம். தாள்ல நான் பொய் எழுதினேன்."

"என்னது?"

"லாய்ட் தாளைக் குடுத்தப்போ எனக்கு ஏழாவது நாள். அப்பல்லாம் மணி என்னன்னு கேட்டாலே பொய்தான் சொல்லுவேன். பாத்ரூம்ல லெமன் சோப்பு இருந்துச்சு. அதையே எழுதிட்டேன்."

நோரீனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வாழ்நாள் முழுக்கப் பொய்யர்களை விரட்டியவள், முதல் தடவையாக ஒரு பொய்க்கு நன்றி சொன்னாள்.

"அப்போ உண்மையானது என்ன?"

"அதை மட்டும் கேக்காதீங்க. சொன்னாலே எனக்கு ஊற ஆரம்பிச்சிடும்."

"சரி, விடு. இதுக்குப் பதில் சொல்லு. சோப்பு எழுதின தாளை யார் யார் பார்த்தாங்க?"

"லாய்ட்."

"வேற?"

"வேற யாரும் இல்ல. டாக்டர் பார்த்திருக்கலாம்."

நோரீன் வேட்டைப் பார்த்தாள். வேட் தலையாட்டினான். லாய்ட் பெக்! தாளும் அவனிடம், சாவியும் அவனிடம்.

"ஆனா கோர்ட்டுக்கு ஒரு சோப்பு போதாது," என்றாள் நோரீன். "பெட்டியை வெச்சவன் சும்மா வீட்டுக்குப் போயிடுவான்னு நான் நினைக்கலை. ரோண்டா வீட்டு ஜன்னலுக்குக் கீழ செடி மிதிபட்டிருந்தது. டிரெல் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அவன் வந்து பார்க்கிறான். ட்வைலா, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு."

ட்வைலாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாவைவிட வெளுத்தது.

"நான் செத்துட்டிருக்கற மாதிரி நடிக்கணும். அதானே?"

"ஆமாம்மா. பொட்டலத்துல சர்க்கரைத் தூள் போட்டுத் தர்றேன். உன் வீட்டு பாத்ரூம்ல படு. குளிக்கற தொட்டித் திரைக்குப் பின்னாடி நான் இருப்பேன். நீ ஒரு சத்தம் போட்டா வெளிய வந்துடுவேன்."

"உங்களுக்கு முட்டி வலிம்பாங்களே?"

"தொட்டியிலேருந்து குதிக்கற அளவுக்குத் தெம்பு இன்னும் இருக்கு."

ட்வைலா தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தாள்.

"எமெட் எனக்கு டயர் மாத்திக் குடுப்பான் மேடம்... சரி, பண்றேன். வெர்னாம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா? அவங்கதான் என் ஸ்பான்சர். ஆசை வந்தா அவங்களைத்தான் கூப்பிடணும். கூப்பிடலைன்னா தவிச்சுப் போயிடுவாங்க. அன்னிக்கு என்னை எழுப்பினதே அவங்கதான்."

"யாருக்கும் சொல்லக் கூடாது."

"வெர்னாம்மாவுக்குக் கூடவா?"

"யாருக்கும்னா யாருக்கும்!"

4

பகல் இரண்டு மணி.

சலவைக் கடைக்கு மேல் மாடியில் ட்வைலாவின் வீடு. கீழே இயந்திரங்கள் சுற்றும் அதிர்வு பாத்ரூம் தரை வரைக்கும் வந்தது. முதுகுக்குக் கீழே ஓடு சில்லென்றிருந்தது. தொட்டி விளிம்பில், பிரித்துப் போட்ட வெள்ளிப் பொட்டலம்.

வெறும் சர்க்கரை. ட்வைலாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்திருந்தாள்.

யாரும் பார்க்காமல் பின்படி வழியாக ஏறி வந்திருந்த நோரீனின் கிசுகிசுப்பு, திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"பயமா இருக்கா?"

"உயிரே போவுது மேடம்."

"எனக்கும்தான். நான் நின்னுட்டிருக்கற இடம் வழுக்குது."

நோரீனின் காதில் இருந்த கருவி கரகரத்தது. வேட்! அவன் லாய்டின் அலுவலகத்துக்கு எதிரே வண்டியில் காவல் இருந்தான்.

"மேடம், லாய்ட் இங்கதான் இருக்கார். சாண்ட்விச் சாப்பிடறார். எங்கயும் கிளம்பற மாதிரி தெரியலை."

"பார்த்துட்டே இரு."

பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று.

"மேடம்... ரெண்டாவது சாண்ட்விச்சைப் பிரிக்கறார்."

நோரீன் பல்லைக் கடித்தாள். கணக்கு எங்கேயோ தப்பிவிட்டது.

அப்போது...

மரப்படிகளில் காலடிச் சத்தம்!

ஒவ்வொரு படியாக... மெதுவாக... மேலே.

சாவி துவாரத்தில் சாவி நுழைந்தது. திரும்பியது. கதவு திறந்தது.

ட்வைலா கண்களை இறுக மூடினாள்.

"ட்வைலா... கண்ணு... வீட்லதான் இருக்கியா?"

வெர்னா!

ட்வைலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா! ஃபோனை எடுக்கவில்லை என்று பார்க்க வந்திருக்கிறாள், பாவம். சாவி அவளிடம் எப்போதும் உண்டு.

"வெர்னாம்மாதான், மேடம்," என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள். "சொல்லி அனுப்பிடறேன்."

"வேண்டாம். கெட்டுடும். அவங்க பாட்டுக்கு ஸ்ப்ரே அடிச்சுட்டுப் போகட்டும். அது ஒண்ணும் பண்ணாது. பேசாம படு."

பாத்ரூம் கதவு திறந்தது.

ட்வைலா காத்திருந்தாள். 'ஐயோ கண்ணு!' என்ற கூச்சலுக்காக. ஓடி வந்து மடியில் போட்டுக்கொள்ளும் கைகளுக்காக.

கூச்சல் வரவில்லை.

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

'க்ளிக்.'

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்!

5

வெர்னா அவசரப்படவில்லை. கழிப்பறை மூடியை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்தாள். ட்வைலாவுக்கு அவளுடைய மூச்சு கேட்டது. வேகவேகமான, சந்தோஷமான மூச்சு.

"ஒரு நிமிஷம்..." என்றாள் வெர்னா, தனக்குத்தானே.

ட்வைலாவின் உடம்பு மொத்தமும் உறைந்தது.

"ரொம்பக் காக்க வெச்சுட்டே கண்ணு. காலையிலேருந்து இந்த வீட்டுக்கு எதிர்க்கடையில காப்பி மேல காப்பியா குடிச்சுட்டு உக்காந்திருக்கேன். எமெட் பாரு, பெட்டியைப் பார்த்த அரை மணிக்குள்ள போட்டுக்கிட்டான்."

கைக்கடிகாரத்தை விரல் நகம் தட்டும் சத்தம்.

"ரெண்டு நிமிஷம்..."

திரைக்குப் பின்னால் நோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எமெட் பெயர் வந்தாயிற்று... மற்ற இரண்டும் வரட்டும்... ஜூரிக்கு முன்னால் ஒன்றுகூட விட்டுப் போகக் கூடாது!

"உன்னை எழுப்பினேன் பாரு, அப்பல்லாம் ஒரு நிமிஷத்துலயே எனக்கு சிலிர்த்துடும். உதடு நீலமா இருக்கும். ஸ்ப்ரே அடிப்பேன். வருமா, வராதா... வருமா, வராதா... ஹா-ன்னு ஒரு மூச்சு வரும் பாரு! அப்புறம் எல்லாரும் ஓடி வருவாங்க. கட்டிப்பாங்க. ரெண்டு நாளைக்கு நான் தரையில நடக்க மாட்டேன் கண்ணு."

குரல் திடீரென்று சோர்ந்தது.

"அப்புறம் எல்லாரும் ஒழுங்காயிட்டீங்க. இந்த ஊர்ல மாசக்கணக்கா யாரும் விழலை. வீட்ல உக்காந்து சுவத்தைப் பார்த்தேன். கை நடுங்கும். அதான் பெட்டி கட்டினேன். முதல்ல ரோண்டா. மூணு நிமிஷம்னு நினைச்சேன். ஒண்ணும் சிலிர்க்கலை. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்னு... போயிட்டா. டிரெல்லும் எமெட்டும் அப்படித்தான். நான் கொல்லணும்னு நினைக்கலை கண்ணு! நாலாவது நிமிஷம் வந்தாத்தான் எனக்கு இப்பல்லாம் ஏதாவது தெரியுது. நான் என்ன பண்ணட்டும்?"

ட்வைலாவின் மூடிய இமைக்குள் கண்ணீர் முட்டியது. தடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. இந்தக் கைகள்தானே அவளைத் தூக்கி எடுத்தன? இந்தக் குரலைத்தானே பத்து மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் ஃபோனில் கேட்டுவிட்டுத் தூங்கினாள்?

ஒரே ஒரு சொட்டு. கன்னத்தில் இறங்கியது.

மூச்சுச் சத்தம் நின்றது.

வெர்னா அவள் முகத்துக்கு மேலே குனிந்தாள். காப்பி நாற்றம் அடித்தது.

"சாகப் போறவ அழ மாட்டாளே கண்ணு... உதடு வேற சிவப்பா இருக்கு..."

வெர்னா நிமிர்ந்தாள்.

"போட்டுக்கலையா நீ? பயந்துட்டியா? பரவால்ல. நான் எதுக்கு இருக்கேன்?"

கைப்பை ஜிப் திறந்தது. வெர்னா ஒரு கையுறையை எடுத்து மாட்டினாள். மணிக்கட்டில் ரப்பரை இழுத்து விட்டாள்.

'பட்!'

ட்வைலாவின் கண்கள் திறந்துகொண்டன!

அந்தச் சத்தம்!

முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இழுத்து விட்டால் கேட்கும் அதே சத்தம். அதுதான் உண்மையானது. தாளில் எழுதாதது. யாரிடமும் சொல்லாதது. வெர்னாவுக்குமே தெரியாது.

ட்வைலாவின் வாயில் எச்சில் ஊறியது. மார்புக்குள் யாரோ விளக்கைப் போட்டதுபோல் ஒரு சூடு பரவியது. எதிரே, வெர்னாவின் விரல்களுக்கு நடுவே நிரப்பிய ஊசி மின்னியது. அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"கையைக் குடு கண்ணு. எழுப்பிடுவேன். சத்தியமா எழுப்பிடுவேன்..."

கொலை! கத்து! கத்தினால் போதும். மூன்றடியில் போலீஸ்!

கத்தவில்லை.

அவளுடைய இடது கை தானாக நீண்டது!

உள்பக்கம் மேலே திரும்பியது. நரம்பைக் காட்டியது. ட்வைலா அதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல். 'வேணும்' என்றது அந்தக் கை. முந்நூற்று ஒரு நாளும் தூங்கவே இல்லை போலிருக்கிறது அது.

திரைக்குப் பின்னால் நோரீன் அசையவில்லை. 'கையைக் குடு' என்பது அவள் காதிலும் விழுந்தது. நாடி பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டாள். ஊசியை அவளால் பார்க்க முடியவில்லை. இருபத்தேழு வருட உத்தியோகத்தில் அவள் போட்ட மோசமான கணக்கு அதுதான்.

ஊசி முனை தோலைத் தொட்டது.

ட்வைலாவின் கை வேண்டுமென்றது. கால் வேண்டுமென்றது. உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலும் வேண்டுமென்றது.

நாக்கு மட்டும் அவளுடையதாக மிச்சமிருந்தது.

"ஊசீ...! மேடம், ஊசீ...! என் கையைப் பிடிங்க... என் கையைப் பிடிங்க!"

திரை கிழிந்தது!

கம்பியும் வளையங்களுமாக நோரீன் வந்து விழுந்தாள். நிஜமாகவே விழுந்தாள், முட்டி மடங்கிவிட்டது. விழுந்தது வெர்னாவின் மேல். ஊசி தெறித்துத் தரையில் உருண்டது. இரண்டு பெண்களும் கழிப்பறைக்கும் சுவருக்கும் நடுவே புரண்டார்கள். விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

ட்வைலா ஊசியைப் பார்த்தாள்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு, சின்னக் குழந்தைபோல் ஓவென்று அழுதாள்.

6

வாசலில் வேடிக்கைக் கூட்டம். சலவைக்கு வந்தவர்கள் ஈரத் துணியோடு நின்றார்கள். கை விலங்கோடு வெர்னா இறங்கி வந்தபோது யாரும் பேசவில்லை. ஒருவர் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

ட்வைலா படிக்கட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோரீன் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாளை லாய்ட் மட்டும்தான் பார்த்தார்னு சொன்னியேம்மா?"

"வெர்னாம்மாவும் பார்த்தாங்க மேடம். ஸ்பான்சருக்குப் படிச்சுக் காட்டணும், அதான் வழக்கம். ரோண்டா, டிரெல், எமெட்... எல்லாருக்கும் அவங்கதான் ஸ்பான்சர்."

"அதை ஏன் சொல்லலை?"

"ஞாபகமே வரலை." ட்வைலா மூக்கை உறிஞ்சினாள். "அவங்ககிட்ட சொல்றது, இன்னொருத்தர்கிட்ட சொல்ற மாதிரியே இருக்காது. எனக்குள்ளயே பேசிக்கற மாதிரி. உங்க கேள்விக்கு அவங்க பேரு வரணும்னே தோணலை."

நோரீன் தலையாட்டினாள். இல்லத்தில் இருக்கும் முப்பது பேரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

"என் கை நீண்டுச்சு மேடம்," என்றாள் ட்வைலா, ரொம்பச் சின்னக் குரலில். "நானே குடுத்தேன். எனக்கு வேணும்னு இருந்துச்சு. கொல்ல வர்றாங்கன்னு தெரிஞ்சும்..."

"உன் கை என்ன பண்ணுச்சுன்னு நான் ரிப்போர்ட்ல எழுதப் போறதில்லை. நீ கத்தினேன்னு எழுதுவேன். அந்தக் கத்தலுக்குக் கீழ்க்கடைக்காரன் சோப்பு டப்பாவைக் கீழ போட்டுட்டானாம்!"

ட்வைலா சிரித்துவிட்டாள். உடனே அழுதாள். இரண்டையும் நோரீன் காத்திருந்து முடிக்க விட்டாள்.

போலீஸ் வண்டியின் பின்சீட்டில் வெர்னா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடின. யாராவது அழுகிறார்களா, யாராவது கையசைக்கிறார்களா என்று. யாரும் அசைக்கவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்து, துணி காயவைக்கப் போய்விட்டது.

நோரீன் முன்சீட்டில் ஏறிக்கொள்ள, வேட் வண்டியைக் கிளப்பினான்.

"நோரீன்," என்றாள் வெர்னா கம்பி வலை வழியே. கண்ணீரோடுதான் கேட்டாள், உண்மையான கண்ணீர். "நான் உள்ள போயிட்டா, இந்த ஊர்ல மூச்சு நின்னவங்களை எல்லாம் யாரு எழுப்பறது? அதை யோசிச்சியா நீ?"

நோரீன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க முதல்ல உள்ள போங்க வெர்னா... பாதிப் பேருக்கு மூச்சு நிக்கவே நிக்காது!"